செங்கல் வந்த பெட்டியும் செல்வியின் நம்பரும்

செஞ்சியில் ஒரு தனியார் கூரியர் ஆபீசில் என் பாதி ஆயுள் போயிற்று. புக்கிங் கவுன்ட்டரில் உட்கார்ந்து, பிறகு கிளைக்கே இன்சார்ஜ் ஆகி, போன வருடம்தான் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இன்னமும் காலையில் கை தானாக டேப் ரோலைத் தேடுகிறது. பெட்டி மேல் டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம் கேட்காமல் எனக்குக் காபி இறங்குவதில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் அங்கே சண்டைக்காரி என்று பெயர் வாங்கியவள். அதனால் ஒரு சண்டையையே எழுதுகிறேன்.

செங்கல்

எங்கள் ஆபீசில் பாதி வேலை பார்சல், பாதி வேலை குரங்கு விரட்டுவது. மலையில் இருந்து இறங்கி வந்து ஷட்டர் மேல் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். எந்த மூட்டையில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கிறது என்று எங்கள் ஸ்கேனருக்கு முன்னால் அதுகளுக்குத் தெரிந்துவிடும். அன்று காலையும் டெலிவரி ஆள் ஏழுமலை கையில் குச்சியோடு வாசலில் நின்று அதுகளோடு பேசிக்கொண்டிருந்தான். அப்போதுதான் குட்டி யானை வண்டி ஒன்று வந்து நின்றது. பின்னால் ஆறேழு ஆட்கள். முன்னால் இருந்து ஒரு பெரியவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். உள்ளே வந்து, அதில் இருந்த இரண்டு செங்கல்லை எடுத்து என் மேஜை மேல் வைத்தார்.

"இன்னாம்மா இது?"

"செங்கல்லுண்ணா" என்றேன். எனக்கு வாய் அப்படி.

ஏழுமலை சிரித்துவிட்டான். பெரியவர் சிரிக்கவில்லை.

அவர் பெயர் சகாதேவன், ஊர் அனந்தபுரம். நெல் மண்டியில் வியாபாரிகளுக்காக ஏலம் கேட்டுக் கொடுத்து வாழ்ந்தவர். அவருடைய மகள் பவானி, கணவனை விட்டு வந்து வீட்டோடு இருந்தாள். நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை. போனில் நம் வட்டாரத்து ஏல குரூப் ஒன்றில், முட்டை பொரிக்கும் மிஷின் பழசு ஏலத்துக்கு வந்திருக்கிறது. மகளுக்காக இவர் கேட்டார், ஏலமும் இவருக்கே விழுந்தது. முழுப் பணத்தையும் முதலிலேயே போடு, ஆதார் காப்பியும் அனுப்பு என்று விற்பவர் தகவல் அனுப்பியபோது பவானிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

"வேணாம் நைனா, ஏமாத்துறாங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேன்" என்றாள். அப்பாவின் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

"ஏலத்துல வாய வுட்டுக் கேட்டாச்சும்மா. கேட்டுட்டு எடுக்கலன்னா அவன் மனுசனா?" என்றார் அவர்.

இவருக்கும் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் மண்டியில் கேட்ட ஏலத்தை விட்டு ஓடியவனை அடுத்த நாள் யாரும் கூட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், முகம் தெரியாதவனிடமும் வாக்குத் தவறக் கூடாது என்று பணத்தைப் போட்டுவிட்டார்.

நம்பர்

முன்பெல்லாம் அனுப்புகிறவர் நம்பரைப் பெட்டி மேல் ஒட்டும் டாக்கெட் சீட்டிலேயே கையால் எழுதுவோம். கம்பெனி அதை நிறுத்திவிட்டது. லேபிளில் பெயரும் புக்கிங் ஆன கிளையும் மட்டும் இருக்கும், நம்பரும் விலாசமும் எங்கள் ஸ்கிரீனில் மட்டும். அவர் பெட்டியில் 'செல்வி, சென்னை' என்று இருந்தது. ஸ்கிரீனில் பார்த்தேன். விலாசம் சீயமங்கலம். வண்டியில் போனால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம் என்கிற தூரம்.

"நம்பரக் குடும்மா. மீதிய நாங்க பாத்துக்குறோம்."

வெளியே வண்டியில் இருந்தவர்களைப் பார்த்தேன். எதைப் பார்த்துக்கொள்வார்கள் என்று புரிந்தது. இருந்தாலும் என் கையும் துடித்தது என்பதுதான் உண்மை. ஒரு வாரமாகப் பவானி ஊரெல்லாம் சுற்றி அடை முட்டை சேர்த்துத் தவிட்டில் புதைத்து வைத்திருந்தாள். அதற்கு மேல் நாள் போனால் முட்டை ஆம்லெட்டுக்குத்தான் ஆகும். அந்தப் பெண் அழவில்லை, செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது எனக்குத் தாங்கவில்லை.

விழுப்புரத்தில் இருந்த மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"நம்பர் தர்றதுக்கு உங்களுக்கு அதிகாரம் இல்ல மேடம். கம்ப்ளெய்ன்ட் எழுதி வாங்கி வைங்க, அவ்ளோதான்."

"கம்ப்ளெய்ன்ட் பேப்பர அடை வச்சா குஞ்சு பொரிக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

ஏழுமலை காதருகில் வந்து, "குடுத்துடுக்கா, திருட்டுக் கழுத உத வாங்கட்டும்" என்றான். திருட்டுக் கழுதை என்று நமக்கு யார் சொன்னது? பெட்டியில் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த யோசனை வந்ததும், "நம்பர் தர மாட்டேண்ணா. நானே கூப்புடுறேன். நீங்க அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது" என்றேன். சகாதேவன் முறைத்துக்கொண்டே தலையாட்டினார்.

ஆபீஸ் போனில் இருந்து அடித்தேன். வெகுநேரம் கழித்து ஒரு பெண் எடுத்தாள். கூரியர் ஆபீஸ் என்று சொன்னேன். ஒரு பெருமூச்சு கேட்டது.

"உங்களாண்ட வந்தது செங்கல்லா, உப்பா?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் தையல் வேலை செய்கிறவள். அதே குரூப்பில் தையல் மிஷின் ஏலம் எடுத்து, ஆதார் காப்பி அனுப்பி, பெட்டி நிறையக் கல் உப்பு வாங்கியவள். அவள் அனுப்பிய ஆதாரையும் நம்பரையும் வைத்துத்தான் குரூப் நடத்திய ஆள் அடுத்தடுத்த பெட்டிகளை அனுப்பியிருக்கிறான். யாரோ எங்கேயோ அவள் நம்பரை வாங்கிவிட்டார்கள். பகலெல்லாம் போனில் வசவு. ஒரு கூட்டம் வீட்டுக்கே வந்து, இருந்த பழைய தையல் மிஷினையும் தெருவில் உருட்டிவிட்டுப் போயிருக்கிறது.

"இந்தப் போனையே எடுக்கறதா வேணாமான்னு யோசிச்சிக்கினு இருந்தேன்க்கா. யார்கிட்டயும் என் நம்பரக் குடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் குட்டி யானை அங்கேதான் போய் நின்றிருக்கும் என்று நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது. "செங்கல் வந்த அண்ணன் என் எதிர்லதான் இருக்கார். பேசுறியாம்மா?" என்று கேட்டேன்.

"குடுங்க. திட்டுனா வச்சிடுவேன்" என்றாள்.

சகாதேவன் ரிசீவரை வாங்கும்போது முறைப்பாகத்தான் வாங்கினார். கேட்கக் கேட்க முகம் மாறியது. பக்கத்தில் இருந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நீயும் ஆதார் அனுப்புனியாம்மா?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நானும்தானே அனுப்பியிருக்கேன்" என்றார்.

அடுத்த பெட்டி அவர் பெயரில் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. ஏழுமலை குச்சியைக் கீழே போட்டுவிட்டு அவருக்கு டீ சொல்லப் போனான்.

அடைக்கோழி

முட்டை வீணாகிறதே என்று பவானி பேச்சுவாக்கில் சொன்னதைப் போனின் அந்தப் பக்கம் செல்வி கேட்டுவிட்டாள். "முட்டைக்கு மிஷின் எதுக்குண்ணா? எங்க தெருவுல அடைக்கோழி நாலஞ்சு இருக்குது. வந்து எடுத்துக்கினு போங்க" என்றாளாம். அவளே சரி என்று சொன்ன பிறகுதான் அவள் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

சண்டைக்கென்று கிளம்பிய அதே வண்டி, அதே ஆட்களோடு, அன்று மாலை சீயமங்கலம் போய்க் கோழிகளை ஏற்றிக்கொண்டு திரும்பியது. வழியில் கோழி கொத்தியதுதான் அவர்கள் கண்ட ஒரே சண்டை என்று ஏழுமலை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். தெருவில் உருட்டிவிடப்பட்ட மிஷினைச் சகாதேவன் ஆள் வைத்துச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார். உருட்டியது அவர் இல்லை. ஆனால் உருட்டத்தான் கிளம்பினார், அது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

இருவரும் சேர்ந்து போய் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள். பணம் திரும்பி வரவில்லை, அந்த ஆளும் அகப்படவில்லை. குரூப்பை மூடிவிட்டு வேறு எங்கேயோ கடை விரிக்க ஓடிவிட்டான். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. முட்டைகளிலும் பாதிக்கு மேல் கூமுட்டை. மீதி பொரித்தது.

குஞ்சுகள் இறக்கை முளைத்து ஓடத் தொடங்கிய சமயம் சகாதேவன் ஒரு கூடையோடு ஆபீசுக்கு வந்தார். எனக்கு ஒரு ஜோடி, ஏழுமலைக்கு ஒரு ஜோடி. ஷட்டர் மேல் இருந்த குரங்குகள் கூடையையே பார்த்தன. அவரை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது ஆபீஸ் போன் அடித்தது. வேறு ஒரு கிளையில் புதிதாகச் சேர்ந்த பெண்.

"அக்கா, உங்க ஏரியா அனந்தபுரத்துல இருந்து சகாதேவன்னு ஒரு ஆளு அனுப்புன பெட்டியில வெறும் கல்லு. கஸ்டமரம்மா எதிர்ல நின்னு அழுவுறாங்க. நம்பர் ஸ்கிரீன்ல இருக்குது, பாவமா இருக்குது, குடுத்துடட்டா?"

அந்தப் பெண்ணுக்குக் குரல் பெரிது. சகாதேவனுக்கும் கேட்டுவிட்டது. அவர் முகம் சுண்டிப் போனதைப் பார்த்தேன்.

வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, கவுன்ட்டரில் அழுகிறவரைப் பார்த்தால் உங்களுக்கும் கை துடிக்கும். துடிக்கவில்லை என்றால் இந்த வேலைக்கு நீங்கள் லாயக்கில்லை. ஆனால் நம்பரைக் கொடுக்காதீர்கள். கம்ப்ளெய்ன்ட் பேப்பரை நீட்டிவிட்டு அடுத்த ஆளையும் கூப்பிடாதீர்கள். நீங்களே போன் போடுங்கள். அந்தப் பக்கம் எடுப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"நம்பர் வேணாம், அவங்களையே லைன்ல குடு" என்றேன்.

நான் கேட்பதற்கு முன்பே சகாதேவன் கையை நீட்டினார். ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, வசவு முழுவதும் தீரும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"நான்தாம்மா சகாதேவன். எனக்கு வந்தது செங்கல்லு. சீயமங்கலத்துல ஒரு பொண்ணு இருக்குது, அதுக்கு உப்பு. அது நம்பரும் என்னாண்ட இருக்குது. இரும்மா, அத ஒரு வார்த்த கேட்டுட்டுத் தர்றேன்."