பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

என் பெண்டாட்டி பல் செய்கிறவள். பிடுங்குகிறவர் வேறு, அவர் டாக்டர், முன்னறையில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை வரிசையாகப் பதித்து, கடைசியில் மெஷினில் தேய்த்துப் பளபளவென்று கொடுப்பது பின்னறையில் இருக்கும் இவள். எங்கள் தெருவில் பாதிப் பேர் சிரிக்கும் சிரிப்பு இவள் கைவேலைதான். யாராவது வாய்விட்டுச் சிரித்தால் இவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், பல்லைத்தான் பார்ப்பாள்.

நான் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். ஒரே கார், ஒரே மாஸ்டர். அந்தக் காரில் என் பக்கத்து சீட்டுக்குக் கீழும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் நேரே மரத்தைப் பார்த்துப் போனால் நான் மிதிப்பேன். மிதித்து மிதித்து என் வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். டிவியில் ஒரு கார் வேகமாக வந்தால்கூட அப்பா கால் தரையை அமுக்கும் என்று மகள் கேலி செய்வாள். பொய் சொல்லவில்லை, அமுக்கத்தான் செய்யும்.

சின்ன வயதில் இவள் ஸ்கேட்போர்டு ஓட்டியிருக்கிறாள் என்பது கல்யாணமாகி வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். போர்டு இவளுடைய அண்ணனுடையது. அண்ணனுக்கு ஆசை ஒரு மாதத்தில் தீர்ந்துபோனது, தங்கைக்குத் தீரவில்லை. மூடிக்கிடந்த ஒரு தியேட்டரின் வண்டி நிறுத்துமிடத்தில் பசங்கள் பலகை அடித்து ஒரு சரிவு கட்டி வைத்திருந்தார்களாம். இவள் போர்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, விளிம்பில் நின்று கீழே பார்த்துவிட்டு, ஏணி வழியாகவே இறங்கி வந்துவிடுவாளாம். பிறகு வேலை, கல்யாணம், குழந்தை. யாரும் தடுக்கவில்லை. நேரம் போனது, அவ்வளவுதான்.

மறுபடி ஆரம்பித்தது பிளாஸ்டர் மூட்டையால். அந்தப் பின்னறை லேபில் மூட்டையை நகர்த்தச் சக்கரம் வைத்த பலகை ஒன்று இருக்கிறது. ஒரு மத்தியானம் மூட்டையை இறக்கிவிட்டு, ஒரு காலைப் பலகையில் வைத்து மறு காலால் ஓர் உந்து உந்தியிருக்கிறாள். அலமாரியிலிருந்து கதவு வரைக்கும் போய்விட்டாள். கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்து நின்றாராம். அன்றைக்குச் சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லி இவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அடுத்த வாரம் வீட்டுக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. செருப்பு வைக்கிற ஸ்டாண்டு என்று நினைத்து நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன்.

பிரித்துப் பார்த்தால் ஸ்கேட்போர்டு. இந்த வயதில் இது தேவையா, யானைக்கும் அடி சறுக்கும் என்றேன்.

"அப்ப என்னை யானைங்கிறீங்க" என்றாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நகராட்சி கான்கிரீட்டில் ஸ்கேட் பூங்கா ஒன்று கட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நடுத்தர வயதுக்காரர்கள் கொஞ்சம் பேர் கூடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு மேஸ்திரி. அந்தப் பூங்காவுக்கு சிமெண்டு பூசியதே அவர்தான். பூசியது வழவழப்பாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க யாரோ ஒருவருடைய போர்டில் ஏறியவர், இன்னும் இறங்கவில்லை. இவள் அங்கே சேர்ந்துகொண்டாள். தலைக்கு ஹெல்மெட், முட்டிக்குக் கவசம், மணிக்கட்டுக்கு ரெண்டு பட்டை. மணிக்கட்டு போனால் ஊரில் பாதிப் பேர் வாயைத் திறக்க முடியாது என்று நானே பார்த்துப் பார்த்துக் கட்டிவிடுவேன்.

சமதளத்தில் ஓட்டுவது சீக்கிரமே திரும்பி வந்துவிட்டது. காலுக்கு ஞாபகம் இருக்கிறது போலிருக்கிறது. பூங்காவிலிருந்து வரும்போது வியர்த்துக் கொட்டி, முகம் சிவந்து, பசி பசி என்று வருவாள். லேபில் நாள் முழுக்கக் குனிந்து இருப்பதால் வரும் முதுகுவலியைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கேயும் ஒரு சரிவு இருந்தது. என் நெஞ்சு உயரம். இவள் மேலே ஏறி நின்று பார்ப்பாள், பக்கத்துப் படிக்கட்டு வழியாக இறங்கிவிடுவாள். ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு ஏணி, இன்னைக்குப் படிக்கட்டு. ஒரே ஒரு தடவை போர்டுலயே இறங்கிட்டேன்னா போதுங்க. இல்லேன்னா சாகிற வரைக்கும் உறுத்திக்கிட்டே இருக்கும்."

அதன் வித்தை இதுதான். போர்டின் வால் விளிம்பில், பின்கால் அதன் மேல். முன்பாதி அந்தரத்தில். முன்காலை அதில் வைத்து உடம்பின் மொத்தக் கனத்தையும் முன்னால் கொடுத்துவிட வேண்டும். பாதியில் மனசு மாறிப் பின்னால் சாய்ந்தால் போர்டு போய்விடும், ஆள் மட்டும் கீழே கிடப்பார். அதனால் முதல் தடவை ஒருவர் கீழே நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கூடவே பின்னால் நகர்ந்து போவார். வழக்கமாக மேஸ்திரிதான் பிடிப்பார். என் பெண்டாட்டியை நான்தான் பிடிப்பேன் என்றேன். தள்ளவும் கூடாது, தடுக்கவும் கூடாது சார், கூடவே போகணும் என்றார் அவர். ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவனிடம் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முன்காலை வைத்தாள். கண்ணை மூடவில்லை, உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். முன்னால் சாய்ந்தாள். அவ்வளவுதான், என் கை இரண்டும் கம்பியாகிவிட்டன. கால் தரையில் ஊன்றிக்கொண்டது. அவள் பாதியில் நின்றுபோனாள். போர்டு என் காலுக்கு நடுவில் புகுந்து ஓடியது. அவள் தொப்பென்று உட்கார்ந்தாள்.

எலும்புக்கு ஒன்றுமில்லை. இடுப்புப் பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. லேபில் தலையணை போட்டு உட்கார்ந்து பல் பதித்தாள். மகள் போனில் எனக்குத்தான் அர்ச்சனை செய்தாள், நீங்க சும்மா இருந்திருந்தா அம்மா இறங்கியிருப்பாங்க என்று. இவளோ விழுந்ததற்காக வருத்தப்படவே இல்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"நான் விழல. நீங்க பிரேக் போட்டீங்க."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தனியாகவே போனாள். மணிக்கட்டுப் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துத் தானே கட்டிக்கொண்டாள். வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளோ வந்து, மேஸ்திரி பிடிக்கிறேன்னு சொன்னார், வேண்டாம்னுட்டேன் என்பாள்.

அந்தச் சமயத்தில் என்னிடம் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் கார் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி திரும்பத் திரும்ப அணைந்துபோனது. க்ளட்ச்சை மெதுவாக விடுங்கள் என்று நான் கத்தினேன். அவர் பொறுமையாக இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்தார். மறுபடியும் அணைந்தது.

"சார், நான் சரியாத்தான் விடறேன். உங்க காலைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். என் கால் பிரேக்கை அடிமட்டம் வரை மிதித்துக்கொண்டிருந்தது. நான் மிதித்தது எனக்கே தெரியாது. நர்ஸம்மா சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். இன்னொரு தடவை நானே பிடிக்கட்டுமா என்றும் கேட்டேன். அவள் போர்டை எடுத்து வந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்தாள்.

"ஏறுங்க. நான் பிடிக்கிறேன்."

ஏறினேன். ஏறியவனுக்குத்தான் தெரியும். பலகை காலுக்குக் கீழே நழுவப் பார்த்தது. முதலில் அவள் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள். போர்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சுவரைப் பிடித்துத் தப்பித்தேன். அடுத்த தடவை கையை இலேசாகக் கொடுத்து, நான் வருகிற வேகத்துக்கு அவளும் பின்னால் நடந்தாள். ஃபிரிட்ஜிலிருந்து பால்கனிக் கதவு வரைக்கும் ஒரு குலுக்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தேன்.

"பிடிக்கிறது வேற, நிறுத்துறது வேற" என்றாள். "ஞாயித்துக்கிழமை வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி என்னை நம்பாமல் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. மேலே அவள் போர்டின் வாலை விளிம்பில் வைத்தாள். இரண்டு கையையும் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். முன்கால் வந்தது. அவளுடைய கனம் முழுவதும் என் பக்கம் சாய்ந்தது. பால்கனிக் கதவை நினைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன், பிறகு ஓடினேன். சக்கரம் நாலும் தரையைத் தொட்ட சத்தம் கேட்டது. என் கையில் அவள் கை இல்லை. விலகி வழிவிட்டேன்.

அவள் என்னைத் தாண்டி எதிர்ப்பக்க மேட்டில் பாதி ஏறி, திரும்பி உருண்டு வந்து நின்றாள். போர்டிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எல்லாப் பல்லும் தெரிந்தது. அத்தனையும் சொந்தப் பல். மேஸ்திரி கைதட்டினார்.

எழுந்து போர்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறினாள். நான் கையை நீட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"இப்ப நீங்க தள்ளி நில்லுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

வேலி ஓரமாகப் போய் நின்றேன். அவள் விளிம்பில் காலை வைத்தாள். குனிந்து பார்த்தேன், என் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தேன். கால் அமுக்கிக்கொண்டே இருந்தது, அவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.