சாம்பலில் ஏறிய பச்சை

அன்றைக்கு லேபில் இருந்தவர்கள்: சாயப்பட்டறை முதலாளி, டையிங் மாஸ்டர், சாயக் கரைசலை அளந்து ஊற்றும் அக்கா, மெஷினிலிருந்து ஈரத்துணியில் ஒரு துண்டு கத்தரித்து எடுத்துவந்த பீகார்க்கார ஆபரேட்டர், அப்புறம் நான். ஐந்து பேர். வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. பிற்பாடு என்னிடம் இதைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேர், தாங்களும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே பேசினார்கள்.

ஆபரேட்டர் துண்டை மேசையில் வைத்தார். "சாம்பல் கலர் போட்டது சார். பச்சை மாதிரி வருது" என்றார்.

முதலாளி அதை எடுத்து, வெளிச்சத்தை மாற்றி மாற்றி நிறம் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள், ஆர்டர் கொடுத்த பார்ட்டி அனுப்பியிருந்த மாதிரித் துணிக்குப் பக்கத்தில் வைத்தார். வெயில் வெளிச்சம், கடை வெளிச்சம், டியூப் லைட் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். எதில் பார்த்தாலும் பச்சை. சாம்பலுக்குள் முருங்கைக்கீரையைக் கசக்கி விட்டது போல இருந்தது.

"ஏந்தம்பி, இதென்னுங்க இது?" என்றார். கேள்வி எனக்குத்தான். அந்தச் சாயக் கணக்கைப் போட்டது என் புரோகிராம்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். இதே போல ஒரு லேபில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்த காலத்தில், வேலை முடிந்து பல்லடத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் விஷுவல் பேசிக் கற்றுக்கொண்டேன். அந்த மொழிக்கு வயதாகிவிட்டது. அதைச் செய்தவர்களே கைகழுவி வெகுநாளாகிறது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பார்ட்டி கொடுக்கும் துணியின் நிறத்தை ஒரு கருவி எண்களாகப் படித்துக் கொடுக்கும். அந்த நிறம் வர மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று என் புரோகிராம் சொல்லும். நாலைந்து பட்டறைகளில் அது ஓடுகிறது. அதில்தான் என் வீடும் ஓடுகிறது. ஒரு பட்டறையில் கெட்ட பேர் வாங்கினால், அடுத்த பட்டறைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பேர் போய் உட்கார்ந்திருக்கும்.

மூன்று சாயத்துக்கும் அளவு கண்டுபிடிக்கும் நடுக்கணக்கை முன்பு நானே எழுதியிருந்தேன். சில வெளிர் நிறங்களுக்கு அது எங்கேயோ பூஜ்யத்தால் வகுக்கப் போய் அப்படியே நின்றுவிடும். முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. "சரி பண்ணிக் குடுத்துருங்க தம்பி. இல்லீன்னா புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்னு எங்க மாப்பிள்ளை சொல்றாப்லீங்க" என்றார். இருபதாயிரம் பேசி ஆறாயிரம் முன்பணமும் கொடுத்தார். பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அனுப்பர்பாளையம் வந்து சேரும்வரை அந்த 'இல்லீன்னா' மட்டும்தான் காதில் கேட்டது.

இணையத்தில் தேடியதில், இந்த மாதிரிக் கணக்குக்கென்றே பெரிய படிப்புக்காரர்கள் எழுதி இலவசமாக வைத்திருக்கும் கணித நூலகம் ஒன்று கிடைத்தது. நூலகம் என்று பேர்தான், இருப்பது ஒரே ஒரு கோப்பு. நம் புரோகிராமிலிருந்து அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்களைக் கொடுத்தால் விடை தரும். கூப்பிடுவதில்தான் பாடு. அது சி மொழியில் எழுதியது, என்னுடையது பழைய மொழி. முதல் தடவை கூப்பிட்டதும் என் புரோகிராம் ஒரு வார்த்தை சொல்லாமல் திரையிலிருந்து மறைந்தது. அடுத்த தடவை, கூப்பிட்ட முறை சரியில்லை என்று சொல்லிவிட்டு மறைந்தது. கேள்வி பதில் எழுதும் தளமொன்றில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டுவைத்தேன். ஒருவர், இந்த மொழியை இன்னுமா வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். இன்னொருவர் நாலு வரி எழுதியிருந்தார். அதில் இரண்டு வரி புரிந்தது. புரிந்ததை மாற்றினேன், புரியாததையும் மாற்றினேன். ஓடிவிட்டது. ஓடிய பிறகுதான் பயம் கூடியது. எதை மாற்றியதால் ஓடுகிறது என்று எனக்கே தெரியாதே.

நேவி, மெரூன், பாட்டில் கிரீன் மூன்றுக்கும் புதுக் கணக்கில் அளவு எடுத்தோம். லேபில் சின்னத் துணியில் சாயமேற்றிப் பார்ப்பதை லேப் டிப் என்போம். மூன்றுமே முதல் டிப்பிலேயே பாஸ். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இனி லேப் டிப் எதுக்குங்க? மெஷின் சும்மா நிக்குது. சாம்பலை நேரா போட்டர்லாமுங்க."

"ஒரு டிப் பாத்துட்டுப் போட்டர்லாமுங்களா?" என்று நான் கேட்டேன். கேட்டேனா, மனசுக்குள் நினைத்தேனா என்பதில் இப்போது எனக்கே சந்தேகம். சத்தமாகக் கேட்டிருந்தால் யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். இருநூறு கிலோ துணி உள்ளே போனது.

இப்போது அதிலிருந்து ஒரு துண்டு என் முன்னால் பச்சையாகக் கிடந்தது.

"நான் சொல்லுதேன் கேளுங்க மொதலாளி" என்று மாஸ்டர் ஆரம்பித்தார். அவர் தூத்துக்குடிப் பக்கம். "இது தண்ணி. சுத்திகரிச்சு வார தண்ணியில ஏதோ மிச்சம் இருக்கு. நான் நாலு நாளா சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"நாலு நாளா நீங்க சொன்னது மெஷின் பைப்புல காத்து அடைக்குதுன்னுங்க" என்றாள் அக்கா.

"அதுவும் தண்ணியாலதாம்மா."

அவர்கள் பேசட்டும் என்று நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மூன்று சாயம், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண், ஆக ஒன்பது எண்கள் மூன்றுக்கு மூன்று கட்டமாக நூலகத்துக்குப் போகின்றன. அந்த இடத்தில் சாய எண்களை எடுத்துவிட்டு ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக எழுதி, நீ வாங்கிக்கொண்டதைத் திரும்பக் காட்டு என்று கேட்டேன். நான் முதல் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தேன். அது முதல் வரிசையில் ஒன்று, நான்கு, ஏழு என்று காட்டியது.

எழுதியதை இன்னொரு தடவை சரிபார்த்தேன். பிறகு அக்காவின் மேசையில் இருந்த கரைசல் தட்டு கண்ணில் பட்டது. மூன்றுக்கு மூன்று குழி, ஒன்பது குப்பி. என் பழைய மொழி குப்பிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொரு பத்தியாக எடுத்து வைக்கிறது. நூலகம் இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரிசையாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக இருந்ததால், எங்கேயும் இடிக்காமல் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மூன்றுக்கு நான்காக இருந்திருந்தால் முதல் நாளே கத்தியிருக்கும்.

எழுந்து நின்று சொன்னேன். "தப்பு என்னோடதுங்க. எண்ணெல்லாம் பக்கம் மாறிப் போயிருக்குதுங்க."

யாரும் அதிரவில்லை. முதலாளி மெல்லக் கேட்டார். "அப்ப நேவி எப்படிங்க வந்துச்சு? மெரூன் எப்படிங்க வந்துச்சு?"

எண்கள் மாறியிருந்தால் எல்லா நிறமும் கொஞ்சமாவது போயிருக்க வேண்டும். நான் கண்டுபிடித்த தப்பு தப்பில்லையோ என்று ஆகிவிட்டது.

அக்காதான் இழுத்தாள். "அதுல நானு கொஞ்சம் கைய வெச்சனுங்க."

"கைய வெச்சயா? எங்கீம்மா?" என்றார் முதலாளி.

"மஞ்சளு கூடுதலாத் தெரிஞ்சுதுங்க. ஒரு சொட்டுக் கொறைச்சு ஊத்துனேன். ஊத்துனத எழுதியும் வெச்சனுங்க, மெஷினுக்குப் போனது அந்த அளவுதானுங்க. எந்த ரெசிபி வந்தாலும் அப்படித்தானுங்க, கைப் பழக்கம். சாம்பலு எங்கைக்கு வரவே இல்லீங்களே, நேரா மெஷினுக்குப் போயிருச்சு."

"பாத்தியளா, பாத்தியளா!" என்றார் மாஸ்டர். "மஞ்ச கூடித் தெரிஞ்சதுன்னா, தண்ணில இருக்க இரும்பு. நான் என்ன சொன்னேன்?"

ஆபரேட்டர் தன் பங்குக்கு, சாயத்தோடு போடுகிற உப்பு மூட்டை புதுசு என்றார்.

முதலாளி எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப தப்பு யாருதுங்க?" என்றார். என்னுடையதுதான் என்று மறுபடியும் சொன்னேன். "நீங்க இருங்க தம்பி, பதட்டத்துல பேசாதீங்க" என்று என்னை உட்காரச் சொல்லிவிட்டார்.

பக்கத்தை மாற்றிக் கொடுக்கும்படி ஒரு வரி எழுதி, சாம்பலுக்குத் திரும்பக் கணக்கு எடுத்தேன். மஞ்சள் நன்றாகக் குறைந்திருந்தது. உடனே ஒரு லேப் டிப் போடச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன்.

"அக்கா, இந்த ஒரு தடவை மட்டும் கைய வெக்காதீங்க. என்ன போட்டிருக்குதோ அது மட்டும்."

"சரிங்க தம்பி" என்றாள். அளந்து முடித்ததும், ஊற்றிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். "அரிக்குதுங்க" என்று சிரித்தாள்.

டிப் வெந்து, அலசிக் காய்ந்து வரும்வரை நான் வெளியே போய் வண்டிச் சாவி இருக்கிறதா என்று பையைத் தடவுவதும், உள்ளே வருவதுமாக இருந்தேன். வந்தது. லைட் பாக்ஸில் வைத்தோம். பச்சை சுத்தமாகப் போயிருந்தது. அப்பாடா என்று மூச்சு விடப் போகும்போது மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

"இப்ப ஒரு நூல் சிவப்படிக்கி."

அடித்தது. மயிரிழை அளவுதான், எனக்கும் தெரிந்தது.

"கணக்குதான் தப்புன்னா இப்ப நேரா வந்திருக்கணும்லா? தண்ணிதான் மொதலாளி."

அந்த ஒரு நூல் சிவப்பு எதனால் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாய மூட்டையா, துணியா, தண்ணியா, இல்லை அந்த நூலகத்திடம் நான் இன்னும் வேறெதையாவது மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேனா. அக்கா சிவப்பில் ஒரு சொட்டுக் குறைத்து இன்னொரு டிப் போட்டாள். அச்சு அசலாக நின்றது. பார்ட்டிக்குப் புதுத் துணியில் அந்த அளவில் ஏற்றிக் கொடுத்தார்கள். பச்சையான இருநூறு கிலோவை முதலாளி கறுப்பில் முக்கச் சொன்னார். நிறம் போன துணிக்கெல்லாம் இங்கே அதுதான் கதி.

முதலாளி என் புரோகிராமை எடுக்கவில்லை. மாப்பிள்ளை சொன்ன புதுசைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. லேப் டிப் திரும்ப வந்துவிட்டது, அக்காவின் கையும். அதனால் என் கணக்கு சரியாக வருகிறதா, அவள் சரியாக்கி அனுப்புகிறாளா என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. மற்ற பட்டறைகளில் புது நூலகத்தை இன்னும் போடவில்லை. அங்கே அது பூஜ்யத்தில் நின்றால் நிற்கட்டும், நின்றது கண்ணுக்காவது தெரிகிறது.

மீதிப் பணத்தை ஒரே ஒரு தடவை கேட்டேன். முதலாளி டீ வரவழைத்தார். "அந்தச் சாம்பல் யாரு தப்புன்னு ஒரு முடிவு ஆகட்டுமுங்க தம்பி" என்றார்.

"என் தப்புதாங்க. அன்னைக்கே சொன்னனுங்களே."

"நீங்க சொல்றீங்க, மாஸ்டர் ஒத்துக்க மாட்டேங்கறாருங்களே."

அவர் பிடித்தம் செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, தருகிறேன் என்றும் சொல்லவில்லை. மாஸ்டர் இன்னும் தண்ணியில்தான் நிற்கிறார். வர வேண்டிய பாக்கி பதினாலாயிரம் ரூபாய்.