ஆறவிடாத இன்ஜின்

வால்வு இடைவெளியைச் சரிசெய்ய, இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும்; சூட்டோடு அளந்தால் அளவு தப்பி, ஓடுகிற வண்டி நடுவழியில் நின்றுவிடும். இதை என் மனைவியின் தம்பியிடம் தமிழில் சொன்னேன், கன்னடத்திலும் சொன்னேன்.

பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டு ஷெட்டில் சனிக்கிழமை மாலையே பைக்கை நிறுத்திவிட்டேன். ஞாயிறு காலை வால்வு மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை நுழைத்து, முதுகு ஒடிய வேலை பார்த்தேன். இன்ஜின் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தகரக் கூரையின் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஓசூர் ரோட்டைக் கடக்கும்போது வண்டி நடுவில் நின்றுவிட்டது. பக்கவாட்டில் வந்த லாரி, என் முழங்காலை இடிக்காத குறையாக பிரேக் போட்டு நின்றது. வண்டியை உருட்டிக்கொண்டு வீடு வந்து மைத்துனனிடம் விசாரித்தேன்.

"நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கறி வாங்கப் போனேன் மாமா. இருந்த எடத்துலயேதான கொண்டாந்து நிறுத்தினேன்" என்றான்.

இப்போதெல்லாம் வால்வைச் சரிசெய்வதற்கு முந்தின நாளே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். அது இல்லாமல் வண்டி கிளம்பாது.

போன ஞாயிறு விடிந்ததும், காலிக் கறிப் பையோடு வந்து என்னை எழுப்பினான்.

"வண்டி ஸ்டார்ட்டே ஆகல மாமா. நீங்க வால்வுல கை வச்சதுலேருந்து இப்படித்தான்."