ஒரே ஒரு வரி கேட்டவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் நாற்பது வருஷம் ஒரே கால்பந்து அணிக்காகக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர். போன சனிக்கிழமை, ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கையில், பந்து கையில் பட்டதென்று நடுவர் கொடுத்த பெனால்டியால் அந்த அணி தோற்று, கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. பந்து பட்டதோ தோளில். ஊரே பார்த்தது. நடுவர் குழு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இப்படித் தப்பான தீர்ப்பு வரும்போதெல்லாம், மூன்று வருஷமாகக் குழுவுக்குக் கடிதம் எழுதி வருகிறார். "தப்பு நடந்துவிட்டது" என்று ஒரே ஒரு வரி வந்தால் போதும் அவருக்கு. வருவதென்னவோ, நடுவர் முடிவே இறுதியானது என்று அச்சடித்த அட்டை.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒரு கடுதாசி போட்டதில்ல. முகம் தெரியாதவங்களுக்கு மாசம் ஒண்ணா?" என்பாள் மனைவி.

அவருடைய வீம்புக்குத் தொழிலும் ஒரு காரணம். லிஃப்டில் மாட்டிக்கொண்டவரை வெளியே எடுத்ததும், வோல்டேஜ் சரியில்லை என்று பழியை மின்சாரத்தின் தலையில் கட்டிவிட்டு நழுவுவது மற்ற மெக்கானிக்குகளின் வழக்கம். இவர் உள்ள காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் கருவிப்பையை மூடுவார்.

புதன்கிழமை காலை, ஒரு பல் மருத்துவமனைக் கட்டடத்தில் மூன்றாம் மாடியருகே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒருவர். மின்சாரத்தை அணைத்து, சாவியால் வெளிக்கதவைத் திறந்தார் மெக்கானிக். உள்ளிருப்பவர் பதறாமலிருக்கப் பேச்சுக் கொடுப்பது முறை. அவருக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான். சனிக்கிழமை பெனால்டியை ஆதியோடந்தமாகச் சொல்லி, அந்த நடுவருக்குக் கண் பிடரியில் இருக்கிறதா என்றும் கேட்டார்.

அப்போதுதான் கதவுப் பூட்டின் மேல் தளர்ந்து தொங்கிய திருகு கண்ணில் பட்டது. பூட்டு ஆடினால் லிஃப்ட் நின்றுவிடும். அது அவரே முடுக்காமல் விட்ட திருகு. வோல்டேஜ் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"சார், தப்பு என்னோடது. சனிக்கிழமை இங்க சர்வீஸ் பண்ணேன். காதுல மேட்ச் ஓடிட்டிருந்தது. அந்தப் பெனால்டி குடுத்ததும் ஆத்திரத்துல திருகை முடுக்காமலே கிளம்பிட்டேன்."

உள்ளே ஒரு சிரிப்பு வெடித்தது. உள்கதவை விலக்கினார். ஒரு கன்னம் வீங்கிய மனிதர், சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் நின்றிருந்தார். தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்துச் சலித்த முகம்.

"குடுத்தது நான்தாங்க," என்றார் நடுவர். "தோள்லதான் பட்டுச்சு. ராத்திரி டிவியில பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. மறுநாளே குழுவுக்கு எழுதிக் குடுத்தேன். வெளிய பேசக்கூடாதுன்னுட்டாங்க."

மூன்று வருஷம் கேட்ட வரி வந்தேவிட்டது. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வசையெல்லாம் மெக்கானிக்குக்கு மறந்துபோனது.

"அப்ப நீங்க சொன்னதை அவங்க அமுக்கிட்டாங்க. அது ஏன்னு கேட்டு எழுதலாமா நான்?"

நடுவர் கன்னத்தைத் தடவியபடி யோசித்தார். "எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க."

திருகை முடுக்கி, மின்சாரம் கொடுத்து, கீழே இறங்கும்போது தானும் கூடவே ஏறிக்கொண்டார் மெக்கானிக். இரண்டாம் மாடி தாண்டியதும் மெல்ல ஆரம்பித்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி, மழையில ஒரு கோல் செல்லாதுன்னீங்களே?"

"அது ஆஃப்சைடு. அதுல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

தரைத்தளத்தில் கதவு திறந்தது. ஏறுவதற்கு நாலு பேர் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்த இருவரும் இறங்குவதாக இல்லை.