பாப்பாக்கா எடுத்த ஓய்வு

ஜெலாப்பாங்கில் உள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கேன்டீனில் பாப்பாவுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். காலை நாலரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் இரண்டாவது ஷிப்ட் சாப்பிட்டு எழும்வரை நின்றபடிதான் வேலை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. கல்யாண வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் அரைமணி நேரத்தில் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். வயது ஐம்பத்தெட்டு ஆகியும் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் பாப்பாக்காதான்.

போன மாதம் முழங்கால் வீங்கி, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். வீட்டில் வைத்தால் இவள் ஓய்வெடுக்க மாட்டாள் என்பது மகள் துளசிக்குத் தெரியும். அதனால் கட்டிலும் அடுப்பும் உள்ள ஒரு கேம்பர் வேனை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, அப்பாவையும் அம்மாவையும் கடற்கரைக்கு அனுப்பத் தீர்மானித்தாள்.

"ரெண்டு நாளும் நீங்க அடுப்புல கைய வைக்கக்கூடாதுமா. கடையில வாங்கிச் சாப்பிடுங்க. சத்தியம் பண்ணுங்க."

பாப்பா சத்தியம் செய்தாள். சாமி படத்தின் பக்கம் திரும்பாமல் செய்தாள்.

கணவர் சதாசிவம் மார்பிள் பட்டறையில் முப்பது வருடம் கல் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சலில் அவருடைய இடது காது போய்விட்டது. வலது காது தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும் என்பது பாப்பாவின் கருத்து.

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். சித்தியவானுக்கு முன்னால் ஒரு வளைவில் சதாசிவம் பிரேக்கை அழுத்த, பின்னாலிருந்து இரண்டு சார்டின் மீன் டின்கள் உருண்டு வந்து அவர் காலடியில் நின்றன. வண்டியை ஓரமாக நிறுத்திப் போய்ப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் ஐந்து கிலோ கோதுமை மாவு, வெங்காயம், மிளகாய்த்தூள், தேத்தூள், பால்டின்.

"என்னா பாப்பா இது?"

"அவசரத்துக்கு."

"அப்படி என்னா அவசரம்?"

"பசிதான்."

தெலுக் செனாங்கினில் சவுக்கு மரங்களுக்கு நடுவே, கடலைப் பார்த்த மாதிரி வண்டியை நிறுத்தினார்கள். சதாசிவம் பின்கதவைத் தூக்கிவிட்டார். உள்ளே அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் இருந்தன. பக்கவாட்டில் கூரைத்துணியை இழுத்து விரித்து, அதன் கீழே மேசையும் நாலு நாற்காலியும் போட்டார். பாப்பா உட்கார்ந்து கடலைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இப்ப என்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது."

"எவ்வளோ நேரத்துக்கு?"

பத்து நிமிடத்துக்கு மேல் அவளால் முடியவில்லை. தேத்தண்ணி சமையலில் சேராது என்று சொல்லி எழுந்துபோய் இரண்டு கோப்பை கலக்கினாள். அந்த வாசனைக்குத் தூண்டிலோடு போய்க்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் ஒன்று கேட்டார். இது கடை இல்லை என்று பாப்பா மலாயில் விளக்கினாள். அவர் வெட்கப்பட்டு எழுந்தார். மேசைக்கு வந்துவிட்ட மனிதரை வெறுமனே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஆற்றிக் கொடுத்தாள். காசு வேண்டாம் என்றாள். அவர் தேநீர் குடிப்பதைப் பார்த்து ஒரு குடும்பம் வந்தது. அதைப் பார்த்து இரண்டு சைக்கிள்காரர்கள். நாலு மணிக்குள் பதினோரு கோப்பை ஆகிவிட்டது. ஒரு சீன அம்மா பொரித்த வாழைப்பழம் ஏன் போடவில்லை என்று வருத்தப்பட்டுப் போனார்.

சதாசிவம் ஒரு யோசனை செய்தார். தண்ணீர் போத்தல் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் பெரிதாக 'தூத்துப்' என்று, அதாவது மூடியாகிவிட்டது என்று மலாயில் எழுதி வண்டியின் பக்கக் கண்ணாடியில் தொங்கவிட்டார். அதுவரை இது கடையோ என்று சிலர் சந்தேகப்பட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அட்டையைப் பார்த்ததும் எல்லாருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் தைப்பிங்கிலிருந்து பெரிய மோட்டார் சைக்கிள்களில் எட்டு ஆண்கள் வந்து கொஞ்சம் தள்ளிக் கூடாரம் அடித்தார்கள். அவர்களில் பவித்ரன் என்கிற தாடிக்காரர் அட்டையைப் படித்துவிட்டு, சதாசிவத்தின் இடது பக்கமாக வந்து நின்றார்.

"அண்ணே, காலையில எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

எத்தன மணிக்குப் பொறப்படுவீங்க என்று சதாசிவத்தின் காதில் விழுந்தது.

"எட்டு மணிக்கு தம்பி."

"சரிண்ணே. எட்டு பேரும் வாரோம்."

விடைபெறுகிறார்கள் என்று நினைத்து, "நல்லது, வாங்க வாங்க" என்று சதாசிவம் கையாட்டினார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு பாப்பா நைட்டியோடு வேன் கதவைத் திறந்தாள். நாலு பேர் நாற்காலியிலும் நாலு பேர் தாங்கள் கொண்டுவந்த பாயிலுமாக எட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் காலித் தட்டு.

"அக்கா, ரொட்டி சானாய் இருக்கா?" என்றார் பவித்ரன்.

விஷயம் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. "எப்ப பொறப்படுவீங்கன்னுதானே கேட்ட?" என்றார் சதாசிவம். "தொறப்பீங்கன்னு கேட்டேன் அண்ணே," என்றார் பவித்ரன். அவர் அதை மலாயில் சொல்ல, மற்றவர்கள் பாயில் சாய்ந்து சிரித்தார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டுத் தட்டுகளைப் பொறுக்கினார்கள்.

"பரவால்லக்கா. லூமுட் டவுன் கடையில போய் மக்கான் பண்ணிக்கிறோம்லா," என்றார் பவித்ரன்.

பாப்பாவின் கை அதற்குள் மாவுப் பைக்குப் போயிருந்தது. "துளசிக்குச் சத்தியம் பண்ணியிருக்க," என்றார் சதாசிவம் மெதுவாக. பாப்பா பையையும் பார்த்தாள், வெறும் வயிற்றோடு நடந்துபோகும் எட்டு முதுகுகளையும் பார்த்தாள்.

"தம்பிங்களா, வந்து ஒக்காருங்க," என்று கூப்பிட்டாள். "இல்ல, ஒக்காராதீங்க. கையக் கழுவிட்டு வாங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். பரோட்டா மாதிரி வீசிச் சுடும் ரொட்டி சானாய்க்கு இவர்கள் கை பழகாது, சப்பாத்தி போதும் என்றாள். சுல் என்கிற லாரி மெக்கானிக் வெங்காயம் நறுக்கிக் கண்ணைக் கசக்கினார். பாங்கில் மேனேஜராக இருப்பவர் மாவு பிசைந்தார்.

"தண்ணிய ஊத்தாதய்யா, தெளி. மாவு என்னா கடல்ல குளிக்கவா வந்திருக்கு?"

பவித்ரன் மொழிபெயர்த்துச் சொல்ல, மேனேஜர் தெளித்தார். பாப்பா மூன்று முறை எழப் பார்த்தாள். மூன்று முறையும் சதாசிவம் தோளைப் பிடித்து அமர்த்தினார். ஒருமுறை கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தவளை சுல்லே திருப்பி அனுப்பினார்.

முதல் சப்பாத்தியை சார்டின் சம்பலோடு தட்டில் வைத்து, பவித்ரன் இரண்டு கையாலும் நீட்டினார். அது ஜோகூர் மாநிலத்தின் வடிவத்தில் இருந்தது. ஒரு பக்கம் கருகல், மறு பக்கம் பச்சை மாவு. எட்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்தார்கள்.

"எப்படிக்கா இருக்கு?"

"மோசம்," என்றாள் பாப்பா. "இன்னொண்ணு கொண்டா."

நாலு சப்பாத்தி சாப்பிட்டாள். நாலாவதைப் பிய்க்கும்போது சதாசிவத்தின் வலது பக்கம் சாய்ந்து, "அடுத்தவங்க சுட்டுக் குடுத்து, சூடா சாப்பிட்டு எத்தன வருசமாச்சுங்க," என்றாள். முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தக் கேள்வி சதாசிவத்துக்குத் தோன்றியதே இல்லை. எழுந்துபோய் அவளுக்கு ஒரு தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தார். பால் அதிகம், தூள் குறைவு. அவள் கோப்பையைக் காலி செய்தாள்.

மோட்டார்காரர்கள் சட்டி, தோசைக்கல் எல்லாவற்றையும் கழுவி அடுக்கிவிட்டு, ஹாரன் அடித்தபடி போனார்கள். பாப்பா நைட்டிக்குப் பதில் கட்டிய சரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குக் கடலில் இறங்கி நின்றாள். வண்டியை ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சதாசிவம் கரையிலிருந்து இரண்டு முறை நினைவூட்டினார். மூன்றாவது முறை செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் இறங்கிவிட்டார்.

திரும்பும்போது புரூவாஸ் தாண்டுவதற்குள் பாப்பா வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். ஜெலாப்பாங் வந்து வீட்டு வாசலில் வண்டி நின்றும் எழவில்லை. ஐந்து மணி தாண்டியதும் வேனை வாடகைக்கு விட்டவன் இரண்டு முறை போன் செய்தான். சதாசிவம் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குளுகுளுவென்று ஏர்கோண்டு ஓடட்டும் என்று எஞ்சினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.