அறுபத்து நான்கு பைட்டில் ஒரு படகு

நான் எழுதிய குறிப்பில் யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கருங்கல் என்ற ஊரில் ஒரு மாடியறைதான் எங்கள் அலுவலகம். மீன்பிடிப் படகுகளிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி செய்கிறோம். அதற்குள் ஓடும் சி மொழி நிரல்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என் வேலை.

படகின் பெயரையும் இருப்பிடத்தையும் ஒரே வரியாகக் கோக்கும் ஃபங்ஷன் என்ற நிரல் துண்டுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "இது பாதுகாப்பானது; கொடுத்த நினைவக இடத்தைத் தாண்டி எழுதாது. எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும்." இடம் போதாவிட்டால் என்ன ஆகும் என்று குறிப்பைச் சரிபார்த்தவர் கேட்டார். "இதுகூடத் தெரியாதவங்க எதுக்கு சி எழுத வாறாவ?" என்று பதில் போட்டேன்.

இடம் போதாவிட்டால் அது மீதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

ஒரு மதியம் சோற்றுப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அந்த ஃபங்ஷனை வைத்துச் செய்தி அனுப்பும் நிரலை எழுதியவள் பக்கத்து மேசைத் தோழி, குளச்சல்காரி. அவளுடைய வாப்பாவின் படகிலிருந்து ஆபத்துச் செய்தி வந்தது. படகின் பெயர் இருந்தது, அட்சரேகை இருந்தது. தீர்க்கரேகை இல்லை. கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிடக்கிறார் என்றே தெரியவில்லை.

முந்தின வாரம்தான் அந்தப் படகில் கருவி பொருத்தியிருந்தோம். வாப்பா தம் மூன்று மகள்களின் பெயரையும் சேர்த்துப் படகுக்கு வைத்திருந்தார், அதுவும் தமிழில். தமிழெழுத்து ஒன்றுக்கு மூன்று பைட். காலோ கொம்போ சேர்ந்தால் ஆறு. செய்திக்கு நாங்கள் கொடுத்த இடம் மொத்தமே அறுபத்து நான்கு பைட். சோதித்ததெல்லாம் நாலெழுத்து ஆங்கிலப் பெயர்களை வைத்து.

"பிழைன்னா திரும்பி வாற எண் மைனஸா இருக்கும்னுதான பாத்தேன். நீ எழுதினதப் படிச்சுத்தான செய்தேன், ஏட்டி!" என்றாள்.

திரும்பி வரும் எண், முழுச் செய்திக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்பதைச் சொல்வது. அது அறுபத்து நான்கைத் தொட்டாலே செய்தி வெட்டுப்பட்டது என்று அர்த்தம். அதைத்தான் நான் எழுதவில்லை.

கருவியில் உள்ள பெயரைக் கரையிலிருந்தே மாற்றலாம். கருவி அடுத்த செய்தியை அனுப்ப இருபது நிமிடம் இருந்தது. அதுவரை பேட்டரி தாங்க வேண்டும். அவள் அக்காமார் இருவரின் பெயரை அழித்தாள், பிறகு தன் பெயரை. ஒற்றை ஆங்கில எழுத்தை வைத்து அனுப்பினாள். சோறு அப்படியே காய்ந்தது.

இரண்டு எண்ணும் முழுதாக வந்தன. தேடிப்போன படகுகள், எஞ்சின் நின்றுபோன அந்தப் படகைப் பொழுது சாயுமுன் கட்டி இழுத்துவந்தன.

மறுநாள் குறிப்பைத் திருத்தினேன். "பாதுகாப்பானது" என்ற சொல்லை எடுத்துவிட்டு, வெட்டுப்பட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை முதல் வரியாக வைத்தேன். நீளமான தமிழ்ப் பெயரோடு எடுத்துக்காட்டும் சேர்த்தேன். பிறகு மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன்.

வாப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "பேரு நீளமாப் போச்சுன்னா, கடைசிப் பேர அழிச்சிரட்டா மக்கா?" என்றார்.

கடைசிப் பெயர் அவளுடையது. சாயா கொண்டுவந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வேண்டாம் மாமா," என்றேன். "பேருல ஒரு தப்பும் இல்ல. நான்தான் ஒரு வரி எழுதாம விட்டேன்."