மெனிக்கே எப்ப வாயத் தொறந்தா

அப்பறம் கேளு பாக்கியம், என் பேத்தி பவளத்தப் பொண்ணு கேட்டு வந்த அந்தக் கலேவெலக்காரம்மா நேரா என் வீட்டுக்கு வரல. பக்கத்து வீட்டு மெனிக்கேகிட்ட தண்ணி கேக்கற சாக்குல போயி நின்னுருக்கு! இது எனக்குத் தெரியாத வேலையா? நான் தொறையூர் பக்கம் பொறந்தவ. எங்க ஊர்லயும் மொத அக்கம்பக்கத்துலதான் தண்ணி குடிப்பாங்க. அங்க கேக்கவே வேணாம், கெணத்தடியில நின்னாப் போதும், பொண்ணு சின்னதுல மண்ணு தின்னதுலருந்து சொல்லிப்புடுவாளுக. எனக்கு வந்த ஒரு எடம், நான் கொறட்ட விடுவேன்னு ஒருத்தி சொன்னதுல ஓடியே போச்சு. அது ஓடுனதுனாலதான் இந்த மனுசனக் கட்டி, கப்பலேறி, சிலோன்ல இந்த உக்குவளைக்கு வந்து சேந்தேன். சிரிக்காதடி!

இங்க வந்த புதுசுல எனக்கு மூச்சே முட்டுச்சு. பக்கத்து வீட்டுச் சிங்களச் சனம் நல்லா சிரிக்கும், ஒரு வார்த்த வெளிய வராது. மெனிக்கே அடுப்புல என்ன கொழம்புன்னு தெரிஞ்சிக்கவே வருசக்கணக்கு ஆச்சு.

நீ இந்த ஊருக்குக் குடிவர்றதுக்கு முந்தி பவளத்துக்கு வேற எடத்துல பரிசம் போட்டிருந்துச்சு. ரெண்டு கவருமெண்டும் போட்ட ஒப்பந்தத்துல அந்தப் பையன் வீட்டுக்கு இந்தியாவுக்குத் திரும்பிப் போற மொற வந்துச்சு. இவ என்னய விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா. அவங்க தலைமன்னார்ல கப்பலேறிட்டாங்க, அம்புட்டுத்தான். ஆனா பரிசம் முறிஞ்ச பொண்ணுன்னா சனம் சும்மா விடுமா? அதான் மெனிக்கே கையப் பிடிச்சி, "யாரு வந்து கேட்டாலும் புள்ளயப் பத்தி ஒண்ணும் சொல்லாத தாயே"ன்னு சொல்லி வச்சேன்.

அவ ஒண்ணுமே சொல்லல!

"பொண்ணு நல்லா சமைக்குமா?"

"தன்னே நே." தெரியாதாம்.

"கொணம் எப்புடி?"

"தன்னே நே."

"கண்ணு காதெல்லாம் சரியா இருக்குல்ல?"

அதுக்கும் தெரியாதாம்! வேலிக்கு இந்தப் பக்கம் கண்ணு முன்னால வளந்த புள்ள! அந்தம்மாவுக்கு மொகம் கறுத்துப் போச்சு. ஏதோ பெரிய கோளாற மறைக்கிறாங்கன்னு நெனச்சி, எங்க வாசல்கூட மிதிக்காம பஸ்ஸுக்கு நடக்குது. நான் உள்ள கேசரி கிண்டி வச்சிட்டு ஒக்காந்திருக்கேன். பவளந்தான் புதுச் சீலையோட சன்னல்ல நின்னு பாத்துட்டு, "அம்மாயி, அவங்க திரும்பிப் போறாங்க"ன்னா.

எட்டிப் பாக்குறேன், மெனிக்கே ஓடுறா! வேகமா நடந்துகூட நான் பாத்ததில்ல அவள. துணியத் தூக்கிச் சொருகிக்கிட்டு பஸ் நிக்கிற எடத்துல போயிப் பிடிச்சி, தெரிஞ்ச அரகொறத் தமிழ்ல அத்தனையும் கொட்டிட்டா. "பொண்ணு தங்கம். முந்தி ஒரு பையன். அவங்க இந்தியா போச்சு. பொண்ணு பாட்டி விட்டு போகல. அக்கே சொல்ல வேணாம் சொன்னது. நான் சொல்றது."

அக்கேன்னா அக்கா, அது நாந்தான்! தலையில கைய வச்சி ஒக்காந்துட்டேன். பாத்தா, அந்தம்மா திரும்பி வருது! வந்து கேசரிய எடுத்து வாயில போட்டுட்டு, "பாதி சனம் கப்பலேறுது, பரிசம் முறியாத வீடு எதுங்க? இதுக்காங்க மறைச்சீங்க? பாட்டிய விடாத புள்ள எங்களையும் விடாது"ன்னுச்சு. பவளம் அடுப்படிக்குள்ள ஓடிட்டா, அழுதாளோ சிரிச்சாளோ.

அப்பறம் மெனிக்கேயப் பிடிச்சி, "சொல்லாதன்னா ஏண்டி சொன்ன?"ன்னு கேட்டேன். "மொதல்ல சொல்லாதது உனக்கு அக்கே. அப்பறம் சொன்னது புள்ளைக்கு"ங்கறா. எங்க ஊரு கெணத்தடிக்கும் இது தெரியாது, எனக்கும் தெரியல பாரு.

தையில கல்யாணம். மாமன் சீர்த்தட்டு யாரு தூக்குறது? தூக்க வேண்டிய என் மகன் கடலுக்கு அந்தப் பக்கம் போயிட்டான். மெனிக்கே மகந்தான் தூக்கப் போறான். இப்பவே வெறுந்தட்டத் தலையில வச்சி நடந்து பாக்குறான், விழுந்தா சிங்களத்துல வையுறான். எனக்குச் சிரிப்பு தாங்கல. சிரிச்சிக்கிட்டே இருக்கறப்ப அந்தப் பக்கம் போன மகன் நெனப்பு வந்துருது...

அய்யய்யோ, மானம் கறுத்துருச்சு, மழ வருது! பாயில காயப்போட்ட மிளகு கெடக்கு, எந்திரிடி! எது என்னோடது எது மெனிக்கேயோடதுன்னு பாக்காத, ரெண்டு பாயையும் சேத்து அள்ளு, ஓடியா!